உங்களுக்குத் தெரியுமா? தொழிற்சாலையில் இருந்து வரவிருந்த 65,000 வீடுகள்

போரால் பாதிக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் கொடுக்க 2016இல் இலங்கை அரசு திட்டமிட்டது. ஆர்செலர்மிட்டல் நிறுவனம் செய்து தரும் பாகங்களை இங்கே பொருத்துவதுதான் வேலை. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபா! இந்திய வீட்டுத் திட்டத்தில் மக்கள் தாமே கல்வீடு கட்டக் கிடைத்தது 5.5 இலட்சம். வெக்கை, ஆயுள், திருத்தும் வசதி எல்லாவற்றையும் பொறியியலாளர்கள் கேள்வி கேட்டார்கள். ஊர் மேசன்மாருக்கும் அதில் பிழைப்பில்லை. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது, நல்லதுதான்.

கிழக்கில் எங்கள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையையே பாருங்கள்; உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. அதைவிடப் பெரிய விசயம், இங்கே மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். கிழக்கே கடல், மேற்கே வயல், வளவு ஒடுக்கம். குமர்கள் வளர வளர ஓர் அறை கூட்ட வேண்டும், மேல்மாடி எழுப்ப வேண்டும். அளவு குறித்து வந்த பெட்டி வீட்டில் அது நடக்குமா?

தொழிற்சாலை முறையையே ஒதுக்கத் தேவையில்லை. நம் நாட்டின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிலையம் மலிவான மாடித்தட்டு முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கொங்கிறீற்று உத்தரங்கள் முன்கூட்டியே வார்க்கப்பட்டு வரும்; அவற்றின்மேல் மெல்லிய தட்டை ஊர் மேசனே போட்டு முடிப்பார்.