தேயிலை மலையில் யோகம்

யோகம் என்றதும் மலைக்குகையும் காவியுடையுமே நம்முள் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆயின், முருகேசு சித்தர் நிறுவிய காயத்திரி பீடம் உழைப்போர் வாழும் தேயிலை மலைகளின் நடுவே, நுவரெலியாவிலேயே அமைந்துள்ளது. அது பொருத்தமே. பதஞ்சலி முனிவர் வகுத்த 8 அங்கங்களுள் ஆசனம் 3ஆவது, பிராணாயாமம் 4ஆவது. அகிம்சை, வாய்மை முதலிய ஒழுக்கங்களே முதலில் நிற்கின்றன. ஆகவே யோகம் இல்லத்திலேயே தொடங்குகிறது.

ஹட்டன் மலைச்சரிவில் கொழுந்துப் பாரத்தைத் தலையில் தாங்கி நாள் முழுதும் நிற்கும் தாய்க்கு வேண்டியது மேலும் உடல் வருத்தமன்று. மாலையில் 10 நிமிட அமைதி. நிமிர்ந்தமர்ந்து, உள்ளிழுக்கும் மூச்சினும் வெளிவிடும் மூச்சை நீளவிட்டால் நாடித்துடிப்புத் தணியும். மனக் கொதிப்பும் அடங்கும். அந்த 10 நிமிடத்தை அவளுக்கு அளிக்க, அடுப்பையும் தண்ணீர்க் குடத்தையும் கணவனும் பிள்ளைகளும் ஏற்கவேண்டும். அதுவும் அகிம்சையே.

ஒன்றை நாம் மறத்தலாகாது. மனச்சமநிலை என்பது குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியன்று. நியாயத்தைப் பதறாது கேட்கும் வலிமை. நிறை எட்டவில்லையென்று 'அரைப்பேர்' குறிக்கப்படும் நாளில், தராசின் முன் நின்று தெளிந்த குரலில் கணக்குக் கேட்பவளும் யோகம் பயின்றவளே.