நிற்கும் இடமே திசைகாட்டி

மாட்ரிட்டில் ஒரு வீட்டின் அழைப்புமணியை அழுத்தினால், உள்ளே இருப்பவர் ‘யா போய்!’ என்று குரல் கொடுப்பார். ‘இதோ போகிறேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். போகிறவர் வாசலுக்குத்தான் போகிறார், கதவைத் திறக்க. நாமாக இருந்தால் ‘இதோ வர்றேன்’ என்போம். ஸ்பானிஷ் கற்கும் தமிழர் வாயில் அதற்கு நேரான ‘பெங்கோ’தான் முந்திக்கொண்டு வரும். அந்த இடத்தில் அது தவறு.

தமிழில் ‘வா’ என்ற வினை, பேசுபவர் இருக்கும் இடத்துக்கும் பொருந்தும், கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் பொருந்தும். ‘நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்’ என்று தயங்காமல் சொல்கிறோம். ஸ்பானிஷில் ‘பெனிர்’ (வருதல்) பேசுபவரின் இடத்தோடு கட்டப்பட்ட சொல். நான் இருக்கும் இடத்துக்கு நீங்கள் வரலாம். உங்கள் இடத்துக்கு நான் போகத்தான் முடியும். பொருள்களுக்கும் இதே கணக்கு. என் இடத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்தால் ‘த்ராயெர்’. இங்கிருந்து வேறிடம் கொண்டுபோனால் ‘யெபார்’. விருந்துக்கு அழைத்த நண்பரிடம் ‘என்ன வாங்கிட்டு வரட்டும்?’ என்று கேட்க ‘யெபார்’தான் வேண்டும். ஸ்பெயினிலேயே வழங்கும் கட்டலான் மொழியில் நிலைமை வேறு. அங்கே கேட்பவரை நோக்கிச் செல்வதும் ‘வருதல்’தான். ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்த இரு மொழிகள், நிற்கும் புள்ளியை வெவ்வேறு விதமாக வகுத்துக்கொண்டுள்ளன.

பேசுபவர் எங்கே, கேட்பவர் எங்கே என்று தெரிந்தால்தான் பொருள் முழுமை பெறும் சொற்களைச் சுட்டுச் சொற்கள் என்கிறோம். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர், 1971-இல் சாண்டா குரூஸில் ஆற்றிய விரிவுரைகளில், வருதலும் போதலும்கூட இந்த வகைதான் என்பதை நுணுக்கமாக விளக்கினார்.

கை எட்டும் தூரம்

பொருளைச் சுட்ட ஸ்பானிஷில் மூன்று சொற்கள்: என்னருகே இருந்தால் ‘எஸ்தே’, உங்களருகே அல்லது சற்றுத் தள்ளி இருந்தால் ‘எஸே’, இருவருக்கும் எட்டத்தில் இருந்தால் ‘அகெல்’. இது, அது என்ற இரண்டோடு பழகியவருக்கு நடுவில் உள்ளது தடுமாற்றம் தரும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தச் சிரமம் குறைவு. இது, உது, அது என்ற மூன்றும் அவர் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ‘உது என்ன?’ என்று உங்கள் கையிலிருப்பதைக் கேட்பவருக்கு ‘எஸே’ பாதி தெரிந்த சொல்தான்.

எங்கே ‘எஸ்தே’ முடிகிறது? உளவியலாளர் கென்னி கவென்ட்ரியும் ஸ்பானிய ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. நினைவாற்றல் விளையாட்டு என்று சொல்லி ஆட்களை மேசை முன் உட்காரவைத்தார்கள். வெவ்வேறு தூரத்தில் வைக்கப்பட்ட வண்ண வடிவங்களைச் சுட்டி, ‘இந்தச் சிவப்பு வட்டம்’ என்பதுபோல் அவர்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசுவோரும் சரி, ஸ்பானிஷ் பேசுவோரும் சரி, கை எட்டும் எல்லைக்குள் ‘இந்த’ என்பதையே அதிகம் பயன்படுத்தினார்கள். ஒரு குச்சியைக் கொடுத்துச் சுட்டச் சொன்னதும் ‘இந்த’வின் எல்லையும் நீண்டது. ஆக, இலக்கணத்தின் அண்மைக்கு நம் கை எட்டும் தூரமும் ஓர் அளவுகோல்.

ஓர் எழுத்தில் மாறும் பாதை

வழி கேட்கும்போது கவனிக்க வேண்டிய இரட்டையர் ‘தெரெச்சா’வும் ‘தெரெச்சோ’வும். ‘ஆ லா தெரெச்சா’ என்றால் வலப்பக்கம். மெக்சிகோவில் ‘தோதோ தெரெச்சோ’ என்றால் நேராகப் போக வேண்டும். ஸ்பெயினில் நேர்வழிக்கு ‘தோதோ ரெக்தோ’ என்பதே பெருவழக்கு. அங்கே இந்தக் குழப்பம் குறைவு. மெக்சிகோவில் கடைசி உயிரெழுத்தைக் கோட்டைவிட்டால் தெருவையே கோட்டைவிடுவோம். சொல்பவரின் கையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

தமிழருக்குச் சாதகமான இடமும் உண்டு. மொழியியலாளர் லியோனார்ட் டால்மி காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று: ‘புட்டி மிதந்தபடி குகைக்குள் நுழைந்தது.’ தமிழைப் போலவே ஸ்பானிஷும், ‘நுழைந்தது’ என்ற பாதையை முதன்மை வினையில் வைக்கும். ‘மிதந்தபடி’ துணையாக வரும். ஆங்கிலம் இதைத் தலைகீழாக்கும்: மிதத்தல் வினையாகும், பாதை ஒரு சிறு இடைச்சொல்லுக்குள் அடங்கும். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கும் நாம், நம் மொழியிலேயே இருக்கும் இந்த அமைப்பை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போகிறோம்.

ஆகவே, திசைச் சொற்களை அட்டவணையாக மனப்பாடம் செய்வதால் மட்டும் பயன் குறைவு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, மேசையில் மூன்று பொருள்களைப் பரப்பி, தொட்டும் சுட்டியும் பேசிப் பழக வேண்டும். ஒருவர் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து அழைக்க, மற்றவர் ‘யா போய்’ என்று எழுந்து நடக்க வேண்டும். உடல் சொல்லோடு சேர்ந்து நகர்ந்தால், பேசும்போது விதியைத் தேட வேண்டியிருக்காது. வகுப்பறைகள் நாற்காலியை விட்டு எழ வேண்டிய பாடம் இது.