விதைப் பையைத் தூக்கி எறியாதீர்கள்: சூரியகாந்தி உழவர்களுக்கு

சூரியகாந்தி ஏறத்தாழ மூன்று மாதப் பயிர். முளைப்பு மோசமென்றால் பத்து நாளில் தெரிந்துவிடும். ஆனால் செடி ஆளுயரம் வளர்ந்து, பூக்கொண்டை விரிந்து, விதையை நசுக்கிப் பார்க்கையில் பாதிக்கு மேல் பொக்காக இருக்கும்போதுதான் பல உழவர்கள் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி, "பில் இருக்கா?" பெரும்பாலும் இருக்காது. பையும் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

இன்று பெரும்பாலும் பயிராவது வீரிய ஒட்டு. விளைந்ததை எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைத்தால் செடிகள் சீராக வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் கடையை நம்பியாக வேண்டும். ஏக்கருக்கு இரண்டு கிலோ போதும். உழவு, உரம், களை, தண்ணீர் என்று இறங்கும் மொத்தச் செலவும் அந்த இரண்டு கிலோவின் மேல்தான் நிற்கிறது.

விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி பில் கொடுப்பது விற்பவரின் கடமை, அவர் நமக்குச் செய்யும் சலுகை அல்ல. ஒட்டின் பெயரையும் குவியல் எண்ணையும் (லாட் நம்பர்) அதில் எழுதச் சொல்லுங்கள். பையில் நீல அட்டை இருந்தால் அது சான்று விதை. இளம்பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை, அதாவது தரத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்கிறது. எதுவானாலும் முளைப்புத்திறன் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காலாவதி நாளையும் பாருங்கள். விதைத்தபின் ஒரு பிடி விதையோடு பையைப் பத்திரப்படுத்துங்கள்.

பயிர் தவறிவிட்டால் ஆத்திரத்தில் உழுதுவிடாதீர்கள், வயல்தான் முதல் சாட்சி. தேதியோடு படம் எடுங்கள். விதை ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விதை விதிகள் 1968-இல் உள்ள 23-ஏ விதிப்படி, அவர் பை, அட்டை, மீந்த விதை ஆகியவற்றைக் கைப்பற்றிக் காரணத்தை விசாரித்தே ஆக வேண்டும். வாய்மொழிப் புகாருக்கு அந்த வலு கிடையாது.

நிறுவனம் சொல்லப்போகும் பதிலும் தெரிந்ததுதான்: தேனீ வரவில்லை, போரான் போடவில்லை, மழை அடித்தது. இவை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. சூரியகாந்தியில் மணி பிடிக்கத் தேனீக்களின் பங்கு மிகப் பெரியது. பூக்கும் நாளில் காலையில் பூச்சிமருந்து அடித்தால் தேனீ சாகும், நம் மகசூலும் சேர்ந்து போகும். தவிர்க்கவே முடியாவிட்டால் தேனீக்கள் கூடு திரும்பியபின் மாலையில் அடியுங்கள். தேனீ குறைந்த இடத்தில் காலை வேளையில் மெல்லிய துணியால் கொண்டைகளை ஒற்றிவிடலாம். இதழ் விரியும் பருவத்தில் 0.2 சதவீத போராக்ஸ் கரைசல் தெளியுங்கள். செய்ததையெல்லாம் தேதியோடு குறித்து வைத்தால் பிற்பாடு அதுவே சான்று. பக்கத்துத் தோட்டத்தில் அதே ஒட்டு, வேறு குவியல், நன்றாக விளைந்திருந்தால் அது இன்னும் வலுவான சான்று.

விதை ஆய்வாளரின் நடவடிக்கை விற்றவரைத் தண்டிக்கும், நம் பணத்தைத் திருப்பித் தராது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று தீர்த்தது. சோதனைக்கென்று உழவர் விதையை மீத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. ஆகவே மாதிரி கையில் இல்லாவிட்டாலும் தளர வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள், சொந்த மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். பதிவு பெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால், 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39(2) பிரிவிலும் இழப்பீடு கோரலாம். நாம் அதிகம் பயன்படுத்தாத பிரிவு இது.

பயிர்க் காப்பீட்டை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கெட்ட விதையால் வந்த நட்டம் அதில் அடங்காது. உங்கள் பிர்க்காவில் சூரியகாந்தி அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்று விதைக்கும் முன்பே கேளுங்கள். ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

விளைந்தபின் விலை. 2025-26-க்குச் சூரியகாந்தியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். அந்த விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் வியாபாரியைக் கட்டாயப்படுத்தவில்லை. 2023 ஜூனில் ஹரியானாவின் ஷாஹாபாத்தில் ஆதரவு விலைக்குக் கொள்முதல் கேட்டு உழவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள், தடியடியும் பட்டார்கள். சட்டப் பாதுகாப்பு இல்லாத விலையை ஆதரவு விலை என்று சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இறக்குமதியாகும் சுத்திகரிக்கப்படாத சமையல் எண்ணெய்மீதான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2025 மே இறுதியில் 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. அத்தகைய முடிவுகள் உள்ளூர் ஏல விலை வரை வந்து இடிக்கும்.

களத்திலேயே தரகரிடம் தள்ளிவிடாமல், ஈரம் 9 சதவீதம் அளவுக்குக் காயவைத்து, வெள்ளகோவில் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ஏலத்துக்குக் கொண்டுபோங்கள். கேட்ட விலை பிடிக்கவில்லையென்றால் விற்க மறுக்கலாம். அங்குள்ள கிடங்கில் மூட்டைகளை இருப்பு வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு.