சங்கிலி தாங்கும் பாலம்

குழந்தைகளே, எங்கள் வள்ளூர்ப் பக்கம் வந்தால் கொசஸ்தலையாற்றைப் பார்க்கலாம். அதன் மேல் உள்ள பாலங்களைத் தூண்கள் கீழிருந்து தாங்குகின்றன. மேலிருந்து சங்கிலிகள் தூக்கிப் பிடிக்கும் பாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாருங்கள், புனலூருக்குப் போய் வருவோம்!

சென்னையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் ரயிலில் ஏறினால் போதும். செங்கோட்டையைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை வரும். மலைக்குகைக்குள் ரயில் நுழையும்போது 'ஓ'வென்று கத்தத் தோன்றும்! மலை இறங்கினால் கேரளாவில் உள்ள புனலூர். அங்கே கல்லடை ஆற்றின் குறுக்கே இருக்கிறது அந்தத் தொங்கு பாலம். நீளம் சுமார் 400 அடி.

திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்தில், ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைக் கட்டினார். சுமார் ஆறு ஆண்டுகள் நடந்த வேலை 1877-ல் முடிந்தது. ஆனால், சங்கிலியில் தொங்கும் பாலத்தில் நடக்க மக்கள் பயந்தார்களாம். உடனே பொறியாளர் பாலத்தின் மேல் ஆறு யானைகளை நடக்கவிட்டு, தம் குடும்பத்தோடு படகில் பாலத்துக்கு அடியில் போய் நின்றாராம்! அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் கதை இது.

சரி, பாலம் எப்படி விழாமல் நிற்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நாற்காலிகளைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். இரண்டின் முதுகிலும் ஒரு கயிற்றைக் கட்டி, நடுவில் புத்தகப் பையை மெதுவாகத் தொங்க விடுங்கள். நாற்காலிகள் உள்பக்கமாகச் சாயும். இப்போது ஒவ்வொரு நாற்காலியையும் நண்பர் ஒருவர் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கட்டும். நாற்காலிகள் நிமிர்ந்து நிற்கும்!

நாற்காலிகள்தான் பாலத்தின் கோபுரங்கள். கயிறுதான் சங்கிலி. பின்னால் இழுக்கும் நண்பர்கள் யார் தெரியுமா? கரையில் உள்ள ஆழமான கிணறுகள்! சங்கிலியின் முனைகளை அவற்றுக்குள் இறக்கிப் பூட்டியிருக்கிறார்கள். நம் கண்ணில் படாத அந்த இடம்தான் பாலத்துக்கே உயிர்.

அதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலும் ஒரு பழைய தொங்கு பாலம் இருந்தது. 2022 அக்டோபர் 30 அன்று, கூட்டம் நிறைந்திருந்தபோது அது அறுந்து விழுந்தது. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் கம்பி வடத்தில் பல இழைகள் முன்பே துருப்பிடித்திருந்தது விசாரணையில் தெரிந்தது.

புனலூரில் இப்போது வண்டிகள் பக்கத்தில் உள்ள கான்கிரீட் பாலத்தில் போகின்றன. தொங்கு பாலத்தில் நடந்து செல்ல மட்டும்தான் அனுமதி. கேரளத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது.

நீங்கள் அங்கே போனால் பாலத்தில் குதிக்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். கரையில் ஒரு நிமிடம் நின்று, சங்கிலி எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்தால் உங்கள் வகுப்பு நண்பர்களுக்கும் சொல்லுங்கள்!