யோகோஹாமாத் துறையில் நம்மவர்

அம்பத்தூர், ஆவடி வாசிகள் ஒரு விஷயத்தில் ஜப்பானியருக்கு மூத்தவர்கள் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ஓடத் தொடங்கிற்று. அது நம் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்துதான் திருவள்ளூருக்குச் சென்றது. ஜப்பான் தேசத்தில் முதல் ரயில் ஓடியதோ 1872 அக்டோபரில்; தோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாத் துறைமுகத்துக்கு, சுமார் இருபத்தொன்பது கிலோமீட்டர். நமது ஏரிக்கரை மாடுகள் ரயிலைக் கண்டு மிரண்டு முழுதாகப் பதினாறு வருஷம் கழிந்த பிறகே யோகோஹாமாவாசிகள் அந்த அதிசயத்தைக் கண்டார்கள்!

மூத்தவர் என்ற பெருமை அதோடு நின்றது. அவர்களுடைய முதல் பாதையை முன்னின்று போட்டவரும் எட்மண்ட் மோரல் என்ற ஆங்கிலேயர்தாம். ஆனால் ரயில் அவர்களுடையது. வேலை கற்பிக்க வந்த வெள்ளையருக்குச் சம்பளம் கொடுத்து, பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு, 1893-இல் கோபே நகரத்துப் பட்டறையில் தங்கள் நாட்டிலேயே ஓர் எஞ்சினைச் செய்து ஓட்டிவிட்டார்கள். நம் பாதையோ லண்டனில் ஏற்பட்ட ஒரு கம்பெனியின் சொத்து. நமக்கு டிக்கெட் வாங்கும் உரிமை இருந்தது.

அந்த 1893-ஆம் வருஷத்திலேயே காவி உடுத்த இந்திய சந்நியாசி ஒருவர் கோபேயில் கப்பலை விட்டிறங்கினார். அவரே சுவாமி விவேகானந்தர். மே மாதம் 31-ஆம் தேதி பம்பாயில் 'பெனின்சுலார்' என்னும் கப்பலில் ஏறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் பார்த்து, நாகசாகி வழியாகக் கோபேயை அடைந்தார். உள்நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையினால் அங்கிருந்து தரை மார்க்கமாக ஒசாக்கா, கியோத்தோ, தோக்கியோ ஆகிய நகரங்களைச் சுற்றி யோகோஹாமாவுக்கு வந்து சேர்ந்தார். ஜூலை 10-ஆம் தேதி அங்கே ஓரியண்டல் ஹோட்டலில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். கடிதம் யாருக்கு? சென்னையிலிருந்த நண்பர்களுக்கு! அவர்களில் முதல்வர் அளசிங்கப் பெருமாள், பச்சையப்பன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். சுவாமியின் பிரயாணச் செலவுக்காகத் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டியவர் அவரே. உபாத்தியாயர் ஜாதியைச் சேர்ந்த நாம் இதை இரண்டு தடவை சொன்னாலும் தகும்.

கடிதத்தின் முற்பகுதி ஒரு பிரயாணியின் கண். தெருக்கள் அகலமாகவும் நேராகவும் தளம் போட்டும் இருப்பதையும், கூண்டைப் போன்ற சின்னஞ்சிறு வீடுகளையும், ஊருக்குப் பின்னால் தேவதாரு மூடிய குன்றுகளையும், எங்கும் குடிகொண்ட சுத்தத்தையும் சுவாமி ரஸித்து எழுதுகிறார். ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையைப் பார்த்ததாகச் சொல்லி, தங்களுக்கு வேண்டியதையெல்லாம் தாங்களே செய்துகொள்ள ஜப்பானியர் முனைந்துவிட்டார்கள் என்று குறிக்கிறார். கோயில்களில் பழைய வங்க லிபியில் எழுதிய சமஸ்கிருத மந்திரங்களைக் கண்டு வியக்கிறார். பிற்பகுதியில் தொனி மாறிவிடுகிறது. நம் வாலிபர்கள் வருஷந்தோறும் கூட்டமாக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போய்ப் பார்த்துவர வேண்டும் என்கிறார். குமாஸ்தா உத்தியோகத்தையே மோக்ஷமாக எண்ணிக் கிடக்கும் நம்மவர்களை வெளுத்து வாங்குகிறார். படித்தால் இன்றைக்கும் முதுகு எரியும்!

யோகோஹாமாவின் அன்றைய வயதை எண்ணிப் பார்த்தால் சுவாமியின் கோபம் நியாயம் என்று தோன்றும். 1859-இல் அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிடும் வரையில் அது ஒரு செம்படவக் குப்பம். முப்பத்துநான்கு வருஷங்களில் ஜப்பானின் பட்டு முழுவதும் வெளியேறும் வாசலாகிவிட்டது. பட்டு இருக்கும் இடத்தில் நம் சிந்து தேசத்து வர்த்தகர்கள் இல்லாதிருப்பார்களா? அவர்களும் பார்ஸிகளும் போய்க் கடை திறந்திருந்தார்கள்.

ஜூலை 14-ஆம் தேதி யோகோஹாமாவிலிருந்து 'எம்ப்ரஸ் ஆப் இந்தியா' என்ற கப்பலில் சுவாமி வான்கூவருக்குப் புறப்பட்டார். அதே பிரயாணத்தில் உடன் சென்றவர் பம்பாய் ஆலை முதலாளி ஜம்ஷெட்ஜி டாட்டா. ஐந்து வருஷம் கழித்து, 1898 நவம்பரில், சுவாமிக்கு எழுதிய கடிதத்தில் டாட்டா அந்தக் கப்பல் சிநேகத்தை நினைவூட்டியே விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் பற்றிய பேச்சைத் தொடங்குகிறார். அதுவே பெங்களூரில் 1909-இல் நிறுவப்பட்டது. டாட்டாவுக்கு ஜப்பானில் வேறொரு காரியமும் இருந்தது. பம்பாய்ப் பஞ்சையும் நூலையும் ஏற்றிச் செல்ல ஆங்கிலக் கப்பல் கம்பெனிகள் வாங்கிய கட்டணத்தைச் சகிக்க முடியாமல், நிப்பான் யூசென் கைஷா என்ற ஜப்பானியக் கம்பெனியுடன் அவர் பேசி முடித்தார். 1893 நவம்பரில் அந்தக் கம்பெனியின் பம்பாய்க் கப்பல் ஓடத் தொடங்கிற்று. ஆங்கிலக் கம்பெனிகள் கட்டணத்தைக் கண்டபடி குறைத்துப் போட்டியை நசுக்கப் பார்த்தன. டாட்டாவின் சொந்தக் கப்பல் வரிசை நிலைக்கவில்லை. ஜப்பானியக் கம்பெனி நிலைத்தது. ஜப்பான் நூற்பாலைக்காரர்கள் ஒற்றுமையாகத் தங்கள் கப்பலுக்கே சரக்குக் கொடுத்ததுதான் வித்தியாசம் என்பது நம் அபிப்பிராயம்.

தீப்பெட்டியின் கதை வேறு விதமாக முடிந்தது. கோபேயிலிருந்து வந்த தீப்பெட்டிகள், நம் தெய்வங்களின் படங்களையே லேபிளாக ஒட்டிக்கொண்டு, நம் அடுப்பங்கரைகளில் வெகுகாலம் குடியிருந்தன. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

1916 மே 29-ஆம் தேதி கவி ரவீந்திரநாத் தாகூர் கோபேயில் வந்திறங்கினார். நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியக் கவி அல்லவா? தோக்கியோ ரயிலடியில் ஜனசமுத்திரம். யோகோஹாமாவில் ஹாரா தோமித்தாரோ என்ற பட்டு வர்த்தகர் தமது சாங்கேயென் தோட்டத்தில் கவியைப் பல வாரங்கள் தங்க வைத்து உபசரித்தார். 'ஸ்ட்ரே பேர்ட்ஸ்' என்ற ஆங்கில நூலை அந்த ஹாராவுக்கே தாகூர் சமர்ப்பணம் செய்திருக்கிறார். ஆனால் கவி வெறும் புகழ்மாலை சூட்டிவிட்டுப் போகவில்லை. மேல்நாட்டாரின் இயந்திரங்களைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறர் நாட்டைப் பறிக்கும் அவர்களுடைய பசியைக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தைப் பொதுமேடையில் எடுத்துச் சொன்னார். பத்திரிகைகளுக்குப் பிடிக்கவில்லை. தோற்ற தேசத்துக் கவியின் புலம்பல் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். வரவேற்ற கூட்டம் வழியனுப்பும்போது மெலிந்துபோயிருந்தது. இருபத்தொன்பது வருஷம் கழித்து, அதே மே 29-ஆம் தேதி, 1945-இல், அமெரிக்க விமானங்கள் ஐந்நூறுக்கு மேல் வந்து யோகோஹாமாவை ஒரே காலை வேளையில் எரித்தன. நாள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் மனம் அங்கே கொஞ்சம் நின்றுவிடுகிறது.

இடையில் அந்த நகரம் ஒரு முறை அழிந்து எழுந்திருந்தது. 1923 செப்டம்பர் முதல் தேதி, முற்பகல் மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. வீடுதோறும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பூமி குலுங்கிற்று. இடிந்த மர வீடுகளில் நெருப்புப் பற்றிக்கொண்டது. தோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் சுற்றுப்புறங்களிலும் மாண்டவர் ஒரு லக்ஷத்துக்கு மேல். யோகோஹாமாவின் இந்திய வர்த்தகர்களும் உயிரையும் சொத்தையும் இழந்தார்கள். எஞ்சியவர்களுக்கு நகரத்து ஜனங்கள் உதவி செய்தார்கள். தங்களுக்கே கூரை இல்லாத சமயத்தில் செய்த உதவி அது. பலர் பிழைப்பைத் தேடிக் கோபேக்குக் குடிபெயர்ந்தபோது, இவர்கள் இல்லாமல் பட்டு வியாபாரம் எழாது என்று கண்ட யோகோஹாமாக்காரர்கள் வீடு கட்டிக் கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். இதில் சுயநலம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தால் என்ன? அந்நியனை விரட்டுவதில்கூட லாபம் பார்க்கும் உலகத்தில், அழைப்பதில் லாபம் பார்த்தவனைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

இடிந்த நகரத்தின் செங்கல்லையும் மண்ணையும் கடலோரத்தில் கொட்டி மேடாக்கி, அதன்மேல் 1930-இல் யாமாஷிதாப் பூங்காவைத் திறந்தார்கள். அந்தப் பூங்காவில் 1939-இல் இந்திய வர்த்தகர்கள் ஒரு நீர் மண்டபம் கட்டினார்கள். தூண்கள் தாங்கும் குவிமாடம்; உள்ளே அண்ணாந்து பார்த்தால் வர்ணச் சில்லுகள் பதித்த விதானம். மாண்ட தோழர்களின் நினைவுக்காகவும் நகரத்தாருக்கு நன்றியாகவும் எழுப்பியது. 1945-இன் தீயிலும் அது தப்பி நிற்கிறது.

சில வருஷங்களுக்கு முன் கோடை விடுமுறையில் நண்பர்கள் இருவருடன் நாம் அங்கே போயிருந்தோம். தோக்கியோவிலிருந்து ரயிலில் அரை மணிக்கு மேல் சற்றுத்தான். மோட்டோமாச்சி-சூகாகாய் நிலையத்தில் இறங்கினால் சீனத்தெரு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். 1930-இல் கட்டிய 'ஹிகாவா மாரு' என்ற பழைய பிரயாணிக் கப்பல் கரையோரம் கட்டிக் கிடக்கிறது; அதில் ஏறிப் பார்க்கலாம். சைவ உணவினருக்கு மட்டும் ஒரு சொல்: காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பும் பெரும்பாலும் மீன் சாற்றில் கொதித்ததுதான். நம் நண்பர் ஒருவர் மூன்று நாள் வெறும் சோற்றிலும் வாழைப்பழத்திலும் காலம் தள்ளினார். அவருடைய தர்மபத்தினி கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது!

நீர் மண்டபத்தைப் பற்றி ஊருக்கு வந்து ஒன்பதாம் வகுப்பில் சொன்னோம். பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், எல்லா வெளியூர்க்காரருக்கும் அப்படித்தான் செய்தார்களா?" என்று கேட்டான். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதே பூகம்பத்தின் புகை அடங்குமுன், கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று ஒரு வதந்தி யோகோஹாமாவிலும் தோக்கியோவிலும் பரவிற்று. ஊர்க்காவல் கூட்டங்கள் மூங்கில் ஈட்டியும் வாளும் எடுத்துத் தெருவில் இறங்கின. கொல்லப்பட்ட கொரியர்கள் ஆயிரக்கணக்கானோர் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். சீனர்களும் பலியானார்கள். கொரியா அப்போது ஜப்பானின் அடிமை நாடு. அங்கிருந்து வந்தவர்கள் கூலிகள். இந்தியர்கள் பட்டு வாங்குகிற வர்த்தகர்கள். இந்த வித்தியாசத்தை வகுப்பில் மறைக்க நமக்கு விருப்பமில்லை.

இன்று யோகோஹாமாவின் பகுதியான த்ஸுருமியில் அப்போது போலீஸ் நிலையத் தலைவராயிருந்தவர் ஒக்காவா த்ஸுனெக்கிச்சி. முந்நூறு பேர் வரையில் கொரியர்களை அவர் தம் காவலில் வைத்துக் காப்பாற்றினார். கூட்டம் வந்து அவர்களை ஒப்படைக்கச் சொல்லிக் கூச்சலிட்டபோது மறுத்து நின்றார். விஷம் என்று ஜனங்கள் கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை வாங்கி எல்லோர் முன்னிலையிலும் தாமே குடித்துக் காட்டினார் என்பது அந்த ஊர்க்கதை. அவருடைய நினைவாகக் கொரியர்கள் 1953-இல் அங்கே ஒரு கோயிலில் கல் நட்டிருக்கிறார்கள்.

பையன்கள் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. காரணம் நமக்குத் தெரியும். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான சலனப் படங்கள் கைபேசிகளில் பரவின. அங்கிருந்து ஓர் அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் செய்தி பொய் என்று கண்டது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஒரிஸ்ஸா, பீஹார், ஜார்க்கண்டு ஆட்கள் பத்துப் பேர் ஓரறையில் வசிப்பதை நம் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அவ்வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் தொழிற்பேட்டையைச் சூழ்ந்தபோது, அந்த அறைகளிலும்தான் தண்ணீர் ஏறிற்று. அன்று எந்தெந்த வீட்டு மாடிப்படி அவர்களுக்குத் திறந்தது, எது திறக்கவில்லை என்பதும் பையன்களுக்குத் தெரியும். பெயர் சொல்லி எழுத வேண்டாம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் தேதி யாமாஷிதாப் பூங்காவின் நீர் மண்டபத்தில் மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்; இந்தியரும் வருகிறார்கள், நகரத்தாரும் வருகிறார்கள். அந்தச் சமயத்தில் ஜப்பானில் இருக்க நேரும் நேயர்கள் முற்பகலிலேயே போய்ச் சேருவது நலம். குடை எடுத்துப் போங்கள். அது அங்கே புயல் காலம்.