பழைய ராணுவ ஜீப் வாங்குவோர் கவனத்திற்கு



மளிகைக் கடைக்கும் ராணுவ ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் கேட்கலாம். மலையோர ஊர்களில் கொள்முதல் செய்பவர்களுக்கு அந்தச் சம்பந்தம் நன்றாகத் தெரியும். நாங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். போடிமெட்டு மலைப்பாதையில் தோட்டத்துக்கு ஆள் ஏறியதும், அங்கிருந்து மூட்டை இறங்கியதும் பெரும்பாலும் ஜீப்பில்தான்.

அன்று சுமை தூக்கிய அதே ஜீப் இன்று ஆசைப் பொருளாகிவிட்டது. பழைய ராணுவ வண்டியை வாங்கி, பழுது நீக்கி, நல்ல விலைக்கு விற்பதை ஒரு தொழிலாகவே சிலர் செய்கிறார்கள். எங்கள் அண்ணன் மகனும் சென்ற மாதம் வந்து, “சித்தப்பா, ஆறு லட்சம் போட்டால் ஒரு வில்லீஸ் ஜீப் கிடைக்கும். ரெடி பண்ணி விற்றால் இரட்டிப்பாகும்” என்றான். அவனுக்கு நாங்கள் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். மற்றவர்களுக்கும் பயன்படும்.

எந்த வண்டி என்று தெரிய வேண்டும்

‘ராணுவ ஜீப்’ என்ற ஒரே பெயரில் பல சரக்கு விற்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 6,40,000 ஜீப்புகள் செய்தன. 4 சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன், 6 வோல்ட் பேட்டரி. மதிப்பு அதிகம் உள்ளது இதற்குத்தான். 1947 முதல் மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் ஜீப் பூட்டத் தொடங்கியது. நம் ராணுவத்தில் ஓடியவை பெரும்பாலும் மகிந்திரா தயாரிப்புகள். இவை தவிர, நிசான் உரிமத்தின் பேரில் ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்த ‘ஜோங்கா’ வண்டியும் உண்டு. 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், உருவத்தில் பெரியது.

ஏலக்காயில் 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, பொடிக்காய்க்கு ஒரு விலை. இங்கும் அப்படித்தான். பிந்தைய கால ஜீப்புக்குப் பச்சை வர்ணம் அடித்துப் போர்க்கால வண்டி என்று விற்பது, மிளகில் பப்பாளி விதை கலப்பது போன்றது. கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. போர்க்கால ஜீப்பின் முகத்தகட்டில் 9 வெட்டுகள் இருக்கும் (மிக ஆரம்பத்தில் வந்தவற்றுக்குக் கம்பி முகம்). போருக்குப் பின் பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் 7 வெட்டுகள். போர்க்கால வண்டிக்குப் பின்கதவு கிடையாது. ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸ், கவிழ்த்த பள்ளம் போல் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ எழுத்து அடித்திருக்கும்.

நாங்கள் பட்ட நஷ்டம்

1988-ல் மூட்டை இறக்குவதற்காக நாங்கள் ஒரு ஜீப் வாங்கினோம். ராணுவ ஏலத்தில் எடுத்தது, அசல் வில்லீஸ் என்று தரகர் சொன்னார். பளபளவென்று இருந்தது. ஆர்.சி. புத்தகம் கையில் கொடுத்தார். ஏலத்தில் எடுத்த கடிதம் பின்னால் வரும் என்றார். 28,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தோம். மேற்கொண்டு வர்ணத்துக்கும் டிங்கரிங்குக்கும் 4,000.

பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் கொண்டு போனபோது, இன்ஸ்பெக்டர் ஒரு ஆணியால் வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார். எஞ்சினில் பழைய நம்பரை ராவிவிட்டு மேலே புது நம்பர் அடித்திருந்தது. எழுத்து ஏறியும் இறங்கியும் கிடந்தது. சேஸிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங். ஆர்.சி. புத்தகம் வேறு வண்டியுடையது. ஏலக் கடிதம் வரவே இல்லை, தரகரும் ஊரில் இல்லை. காவல் நிலையத்துக்கும் நடந்தோம். திருட்டு வண்டி அல்ல என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. 14 மாதம் குடோனை அடைத்துக்கொண்டு நின்ற பிறகு காயலான் கடைக்கு 6,500 ரூபாய்க்குப் போட்டோம். நஷ்டம் 25,500. அன்று எங்கள் கடையில் இரண்டு சிப்பந்திகளுக்கு இரண்டு வருடச் சம்பளம் அது.

எங்கள் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. “மிளகு வாங்கும்போது மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறாய். இதை மட்டும் ஏன் மேலாகப் பார்த்தாய்?” என்று கேட்டார். அதற்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை.

ஏலமும் சட்டமும்

ராணுவத்தில் ஓடும்போது வண்டிக்கு அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர்தான் உண்டு. அது ஆர்.டி.ஓ. ஆபீஸ் நம்பர் அல்ல. கழித்த வண்டியை ஏலத்தில் எடுத்தவரிடம் விற்பனைக்கான ஆணை இருக்க வேண்டும். அதில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். அரசு ஏலங்களை நடத்தும் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் ஏலங்களில் ‘உள்ளது உள்ளபடி’ என்பதே நிபந்தனை. ஏலக்காய் ஏலத்தில் சாம்பிளைக் கையில் வைத்துப் பார்ப்பது போல, பார்வையிடும் நாளில் நேரில் போய்ப் பார்க்காமல் விலை கேட்கக் கூடாது.

ஹரியானா, பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலி, ராணுவ ஏல வண்டிகளைப் பிரித்துப் புது ஜீப்பாகக் கட்டுவதற்குப் பேர்போன ஊர். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கட்டிய ஜீப்பை வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. 50 வருடம் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் அசலாக இருந்தால் ‘வி.ஏ.’ எழுத்துடன் தனி நம்பர் பெறலாம். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. ஆகவே இந்தப் பதிவில் வண்டி எடுத்து மூட்டை ஏற்றலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பெட்ரோல் செலவுக்குப் பயந்து அந்நாளில் டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகள் ஏராளம். அவற்றுக்கு இந்தப் பதிவு கிடைப்பது கடினம், ஆகவே விலையும் குறையும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது

பலர் முதலில் வர்ணம் அடிக்கிறார்கள். முறை அதுவல்ல. முதலில் சேஸிஸ் சட்டத்தில் துருவும் வெடிப்பும் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், ஒயரிங். பாடியும் வர்ணமும் கடைசியில். கழற்றிய அசல் சாமான் ஒன்றைக்கூடப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு செலவுக்கும் பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பட்டறைக்காரர் சொல்லும் தொகையில் ஒன்றரை மடங்கு கையில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் அனுபவம்.

1993-ல் எல்லாப் பேப்பரும் பார்த்து ஒரு மகிந்திரா ஜீப் வாங்கினோம். 2011 வரை மூட்டை சுமந்தது. விற்கும்போது வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்ததைவிடக் கோப்பைப் புரட்டிய நேரம்தான் அதிகம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணன் மகனிடம் இரண்டு நிபந்தனை சொன்னோம். பேப்பர் முழுவதும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கடை முதலில் கை வைக்கக் கூடாது, அவன் பங்கு லாபத்திலிருந்து எடுக்கலாம். எங்கள் பழைய மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தான். “சித்தப்பா, வண்டி முழுக்கத் துரு. நம்பர் பிளேட்டு அடித்த ஆணி மட்டும் புதுசு” என்றான். ஆறு லட்சம் பத்திரமாக இருக்கிறது. அவன் வேறு ஜீப் தேடிக்கொண்டிருக்கிறான். தேடட்டும், தவறில்லை. பார்க்கக் கற்றுக்கொண்டான்.