பாறை இடுக்கில் எதைத் தொடலாம்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா கடற்கரைகளில் கூட்டம் நிறைந்துவிடும். பெரியவர்கள் பாய் விரித்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பிள்ளைகள் பாறைகளின் மீது ஏறிவிடுகிறார்கள். கடல் வற்றியபின் அங்கே தேங்கி நிற்கும் நீரில் நண்டு, நத்தை, சிப்பி, கடல் சாமந்தி என்று ஒரு தனி உலகமே இருக்கிறது.

பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

சேற்று மணலில் ஊரும் பெலாங்காஸைக் கண்டால் பலரும் அலறி ஓடுகிறார்கள். ஈட்டி போன்ற அதன் வால் கொட்டாது; கவிழ்ந்துவிட்டால் நிமிர்வதற்கு உதவும் ஊன்றுகோல், அவ்வளவுதான். அதைத் தொடுவதில் ஆபத்தில்லை, தின்பதில்தான் ஆபத்து. 2011-ஆம் ஆண்டு சபா, கோத்தா மருடுவில் பெலாங்காஸ் உண்ட பலர் நச்சுத் தாக்கத்திற்கு ஆளானார்கள்.

மாறாக, அழகான கூம்பு வடிவச் சங்கைக் கண்டால் உடனே சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். உள்ளே நத்தை உயிரோடிருந்தால் நச்சு ஊசியைப் பாய்ச்சிவிடும். சில இனங்களின் நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. எனவே கூம்புச் சங்கு வெறும் ஓடாகத் தெரிந்தாலும் எடுக்க வேண்டாம்.

ஜெல்லிமீனும் அப்படித்தான். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் இருப்பதை யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடி போன்ற உடல் என்பதால் தண்ணீரில் எளிதில் தெரியாது. கரையில் செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும்.

கொட்டிவிட்டால் என்ன செய்வது? மணலைப் போட்டுத் தேய்க்கக்கூடாது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் எஞ்சிய நச்சுப் பைகளும் வெடிக்கும். சிறுநீர் ஊற்றச் சொல்லும் கம்பத்து வைத்தியமும் வேண்டாம். பெட்டி ஜெல்லிமீன் என்ற சந்தேகம் இருந்தால், சமையலுக்கு வாங்கும் வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றி, பிறகு இழைகளை இடுக்கியால் எடுக்கலாம். மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள். நாசி லெமாக்கோடு ஒரு போத்தல் வினிகரும் போகட்டுமே!

இன்னொன்று, கடல் வற்றிச் சுமார் ஆறு மணி நேரத்தில் மீண்டும் நிரம்பிவிடும். வற்றி முடிவதற்குச் சற்று முன்பே பாறைக்குப் போய், நீர் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவிடுங்கள். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், காலணி நல்லது. புரட்டிய கல்லை மறுபடி அப்படியே கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அதன் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் காய்ந்து செத்துப்போகும்.